வியாழக்கிழமைகளில் நிற்கும் கப்பல்

ஓக் பில்நாமின் இடது முழங்கால் கைவிட்ட பிறகுதான் கம்பெனி அவரைக் கரையேற்றியது. அதுவரை அவர் வாழ்ந்ததெல்லாம் சரக்குக் கப்பல்களின் அடிவயிற்றில். ஏணி ஏறி, ஏணி இறங்கி, பைப்பைத் தொட்டுச் சூடு பார்த்து, என்ஜின் சத்தத்தில் கொஞ்சம் பிசிறடித்தாலும் சோற்றுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிய மனிதர். அவரைக் கொண்டுவந்து, கொரியாவின் பூசான் துறைமுகத்தில், ஜுங்காங்தோங் பகுதியிலுள்ள அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நாலு திரைகளை மாட்டிவிட்டு, "இனிமே நீங்க கப்பலைத் தேடிப் போக வேணாம் ஓக் சார். கப்பல் உங்களைத் தேடி வரும்" என்றார் டைரக்டர் கூக் ஜோங்வான்.

வந்தது கப்பல் இல்லை, கப்பலின் தண்ணீர். என்ஜினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொள்கிற குளிர்விப்புத் தண்ணீர் இருக்கிறதே, அது எத்தனை டிகிரியில் ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு சென்சார் பெட்டி அளந்து அனுப்பும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வால்வு. தண்ணீர் சூடானால் பெட்டியே வால்வைத் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரைக் கலந்துவிடும். கரையிலிருந்து டிகிரி எண்ணை மாற்றி அனுப்பினாலும் கேட்கும். கப்பலில் இருப்பவர் பெட்டியின் திருகைத் திருகினாலும் கேட்கும். கடைசியாக யார் சொன்னார்களோ அவர் பேச்சுதான் எடுபடும்.

பில்நாம் இதை முதலில் இளக்காரமாகத்தான் பார்த்தார். பிறகு சில வாரங்களில் பிடித்துப்போயிற்று. திரையில் ஓடும் கோடு நெளிவதை வைத்தே கப்பலுக்கு என்ன உடம்பு என்று சொல்ல ஆரம்பித்தார். "இவன் பைப்புல காத்து புகுந்திருக்கு." "இவன் ஃபில்டர்ல ஜெல்லிமீன் அடைச்சிருக்கு, பாருங்க." அவர் சொல்வது பல நேரம் சரியாக இருந்தது. சரியாக இல்லாதபோது யாரும் சரிபார்க்கவில்லை. அலுவலகத்தில் அவரை நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி நடத்தினார்கள். அவரும் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு வைத்தியர் மாதிரியே நடக்கத் தொடங்கினார்.

திரையில் இருந்த கப்பல்களிலேயே அவருக்குத் தலைவலி கொடுத்தது ஒன்றுதான். பெயர் சேயோன் 3.

மற்ற கப்பல்களெல்லாம் நடுக்கடலுக்குப் போனால் பேச்சு மூச்சில்லாமல் போய்விடும். செயற்கைக்கோள் தொடர்பு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சேயோன் 3 மட்டும் ஒரு நொடிகூட விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. டைரக்டருக்கு அதனால் அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் அதன் நடத்தை சரியில்லை. முதலாவது, தண்ணீரை முப்பத்தாறு டிகிரியில் ஓட்டச் சொன்னால் நாற்பத்திரண்டில் ஓட்டியது. இரண்டாவது, விடியும் முன்பே ஓட ஆரம்பித்து, இருட்டிக் கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். தினமும். மூன்றாவது, வியாழக்கிழமை முழு நாளும் நின்றுவிடும்.

தண்ணீர் ஓடவில்லை என்றால் என்ஜின் ஓடவில்லை. என்ஜின் ஓடவில்லை என்றால் கப்பல் நிற்கிறது. பில்நாம் யோசித்தார். அந்தக் கப்பலின் தலைமை என்ஜினியர் ஜேகல் சோக். ஒரு காலத்தில் பில்நாமின் கீழே வேலை பார்த்தவன். கணவாய்மீன் பிடிப்பதென்றால் பைத்தியம் அவனுக்கு. முன்பொரு தரம் தூண்டில் நூலைப் பம்பின் கைப்பிடியில் கட்டி வைத்திருந்ததற்காக பில்நாமிடம் ஏச்சு வாங்கியவன். இருட்டினால் விளக்கைக் கண்டு கணவாய் மேலே வரும். ஆக, ராத்திரியில் கப்பலை நிறுத்திக் கணவாய் பிடிக்கிறான். வியாழக்கிழமை முழுக்க அதைக் காயவைக்கிறான். கேப்டனும் கூட்டு.

இதை அவர் நம்பினார். டைரக்டரிடமும் சொன்னார். டைரக்டரும் நம்பினார்.

சரக்கு மட்டும் சொன்ன நாளில் சொன்ன துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பாதி நேரம் நிற்கிற கப்பல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை நான்காம் மாடியில் சரக்குப் பிரிவில் இருந்தது. கப்பலின் தண்ணீர் எவ்வளவு சூடு என்று காட்டும் திரை இரண்டாம் மாடியில். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேசை யாருக்கு என்ற சண்டைக்குப் பிறகு இரண்டு மாடிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பில்நாம் செயற்கைக்கோள் போனில் ஜேகலைப் பிடித்தார்.

"டேய் சோக், பொட்டி முப்பத்தாறுல இருக்கணும். ஏண்டா நாப்பத்திரண்டுக்குத் திருகுற?"

"எந்தப் பொட்டிண்ணே?"

"சென்சார் பொட்டிடா. குளிர்தண்ணி பைப்புல இருக்கே."

"அது இங்க இல்லையேண்ணே. ரிப்பேருக்கு யோங்டோ யார்டுல ஏத்துனாங்கல்ல, அப்பவே பழைய பைப்போட கழட்டிட்டாங்க. நீங்கதான் வேணாம்னு கழட்டச் சொன்னீங்கன்னு நெனச்சேன். நான் கைவால்வுலதான் ஓட்டிட்டிருக்கேன்."

பில்நாம் திரையைப் பார்த்தார். நாற்பத்திரண்டு. ஓட்டம் நன்று. தொடர்பு மிக நன்று.

"இல்லாத பொட்டி எப்படிடா எனக்கு நம்பர் அனுப்பும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இங்க ரெண்டு போல்ட் ஓட்டைதான் இருக்கு."

"நம்பர் வருது. அதனால பொட்டி இருக்கு."

"அண்ணே, நான் பைப்புக்கு முன்னாடி நின்னுட்டுப் பேசுறேன்."

"நான் திரைக்கு முன்னாடி உக்காந்துட்டுப் பேசுறேன். கணவாய் பிடிக்கிறத நிறுத்து."

"கணவாயா?" என்றான் ஜேகல். தொடர்பு அறுந்தது. பெட்டியின் தொடர்பு அறுபடவில்லை.

அன்றிலிருந்து பில்நாம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். காலையில் வந்ததும் காப்பி. காப்பி முடிந்ததும் சேயோன் 3-ஐ முப்பத்தாறுக்கு இறக்குவது. கொஞ்ச நேரத்தில் கப்பலிலிருந்து யாரோ மறுபடி நாற்பத்திரண்டுக்கு ஏற்றுவார்கள். இவர் இறக்குவார். அவர்கள் ஏற்றுவார்கள். ஒருநாள் வீம்புக்கு நாற்பத்து நாலு வைத்தார்கள். பில்நாம் பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்திரண்டு வைத்தார். "திமிரு பிடிச்ச பய" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குக் கிளம்பும்போது கடைசியாக ஒரு தரம் முப்பத்திரண்டுக்கு இறக்கிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கப்பலின் கோடு ஏறி இறங்கித் தவியாய்த் தவித்தது. அதற்கும் பில்நாம் விளக்கம் எழுதினார்: பக்கவாட்டில் அடிக்கும் பேரலையால் கப்பல் உருண்டு, என்ஜின்மேல் சுமை கூடிக் குறைகிறது. டைரக்டர் அதைப் படித்துவிட்டு, "உக்காந்த எடத்துல அலையைப் பாக்குறீங்களே சார்!" என்று வியந்தார்.

பில்நாமின் வீடு யோங்டோ தீவின் மேட்டில். மனைவி, தேஜோனில் இருக்கும் மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய் வெகுநாளாகிறது. அலுவலகம் விட்டு வந்தால் அவருக்கு இருந்த ஒரே சுகம், தெருமுனையிலிருந்த தோங்பேக் குளியல் கூடம்தான். உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கினால் முழங்கால் அவரை மன்னித்துவிடும். ஆனால் கொஞ்ச காலமாக அந்தச் சுகத்துக்கும் கேடு வந்திருந்தது. தண்ணீர் சுடுவதில்லை.

"இந்தத் தண்ணியில முள்ளங்கி கழுவலாம். மனுசன் குளிக்க முடியாது" என்றார் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த பியோன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். தலையில் மடித்த ஈரத்துண்டோடு நாள் பூராவும் அங்கேயே கிடப்பவர்.

"ஒரு பாய்லரை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. இதுக்கு ஒரு கடை" என்றார் பில்நாம். மற்றவர்களைவிட அவர்தான் அதிகம் கோபப்பட்டார். வெளியே வந்து, துண்டோடு, கல்லாவில் இருந்த முதலாளியம்மா மேங் போக்ரேயிடம் அதையே உரக்கச் சொன்னார்.

போக்ரே அவித்த முட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தாள்.

"என்ஜினியர் சார், என் வாயக் கிளறாதீங்க. நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். நாப்பத்திரண்டு வெச்சுட்டு வந்து இங்க உக்காருவேன். யாரோ எறக்கிடுறான். போயி ஏத்துவேன். எறக்கிடுறான். உள்ள ஆளே கெடையாது! பொம்பளைங்க பக்கம் என்னக் கிழிக்கிறாங்க. பேய் புகுந்துடுச்சு, பூசை போடுங்கிறா முடிதிருத்துறவன் பொண்டாட்டி."

"பேயா? என்ஜினியர் குடியிருக்கிற தெருவுல பேயா? பாய்லர் ரூம் எங்க, காட்டுங்க."

"இந்தக் கோலத்துலயா?"

அவர் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார்.

பாய்லர் அறை ஒரு நீராவிப் பொந்து. உள்ளே போனதுமே பில்நாமுக்கு நெஞ்சு நிறைந்தது. வெப்பம், எண்ணெய் வாசனை, பம்பின் ரீங்காரம். பழைய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வெந்நீர்க் குழாயும் பச்சைத்தண்ணீர்க் குழாயும் சேருமிடத்தில் ஒரு வால்வு. அதன் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. பெட்டியில் முப்பத்திரண்டு என்று பச்சை எழுத்து மின்னியது.

அவர் குனிந்து பார்த்தார். பெட்டியின் நெற்றியில் கம்பெனியின் சின்னம். அதற்குக் கீழே வெள்ளைப் பெயின்டில்: சேயோன் 3.

பில்நாம் துண்டு மூட்டை ஒன்றின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"இது... எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் தம்பி தூசிக் மாட்டினான். யார்டுல ஃபிட்டரா இருக்கான்ல. பழைய வால்வு போயிடுச்சுன்னு அழுதேன். குப்பையில ஒரு பைப்போட கெடந்துச்சுக்கா, சூப்பரா வேலை செய்யுதுன்னு கொண்டாந்தான். மாட்டுன மொத வாரம் தேன் மாதிரி தண்ணி. அப்புறம்தான் பேய் புடிச்சுது. ஏன் சார், மூஞ்சி வெளுத்துப்போச்சு? சில்லுனு சிக்யே அரிசிப் பானகம் ஒரு டம்ளர் தரட்டுமா?"

பெட்டியின் வயிற்றில் ஒரு சிம் கார்டு உண்டு என்பது பில்நாமுக்குத் தெரியும்; கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்தால் செல்போன் கோபுரம் வழியாகப் பேசும். யார்டில் கழற்றிய பிறகு இந்தப் பெட்டி கரையை விட்டுப் போகவே இல்லை. விடியும் முன்பு கடை திறக்கும், இருட்டியதும் மூடும். வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைப் பேரலை என்பது வாராவாரம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குளிக்க வருகிற அப்பாக்கள். அலையின் உயரத்தைக்கூட அவர் கணித்து எழுதியிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் காது மடல் சுட்டது.

"பேய் யாருன்னு தெரிஞ்சுபோச்சும்மா" என்றார் கடைசியில்.

"யாரு?"

"நான்தான்."

போக்ரே அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் சிரிக்கவில்லை. "இம்புட்டு நாளா என் தண்ணிய ஆறவெச்சுட்டு, என் கல்லாவுக்கே வந்து தண்ணி ஆறிப்போச்சுன்னு கத்தினியா நீ?" என்றாள். மரியாதை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. பிறகு திரும்பி வரவே இல்லை.

மறுநாள் காலை பில்நாம் டைரக்டர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். கணவாய் விஷயத்தையும், அலை விஷயத்தையும்கூட விடவில்லை.

டைரக்டர் கூக் மேசைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ்காரங்க வராங்க" என்றார். "பொட்டியோட வேலைய நேர்ல காட்டணும். கரையிலேர்ந்து சூட்டை ஏத்தி எறக்கிக் காட்டணும். மத்த கப்பலெல்லாம் எந்த நேரத்துல செத்துப்போகும்னு சொல்ல முடியாது. நம்பிக் காட்ட நமக்கு இருக்கிறது ஒரே கப்பல்தான் சார்."

"அது கப்பல் இல்ல டைரக்டர் சார். குளியல் கூடம்."

"தண்ணி ஓடுதா?"

"ஓடுது."

"சூடாகுதா?"

"ஆகுது."

"நாம சொன்னா கேக்குதா?"

"கேக்குது."

"அப்புறம் கப்பலுக்கும் அதுக்கும் என்ன சார் வித்தியாசம்? ஒரு மணி நேரத்துக்கு?"

கடலில் இருந்த காலத்திலிருந்தே பில்நாமுக்கு மேலதிகாரி சொன்னால் மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லை. போக்ரேயிடம் போய் நின்றார். வெள்ளிக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் தண்ணீர் ஏறும், இறங்கும். அந்த நேரத்தில் தொட்டியில் ஆள் இருக்கக் கூடாது என்று கெஞ்சினார்.

"வியாழக்கிழமை வெச்சுக்கோ, கடை லீவு."

"அவங்க வெள்ளிக்கிழமைதான் வராங்கம்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்து ஆம்பளைங்க தொட்டியத் தேச்சுக் கழுவிக் குடு. உன் கையால. ஆள் போட்டுச் செய்யக் கூடாது."

ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் தாக் ஹேரான் அம்மையார். குட்டையான, நிதானமான பெண்மணி. கேட்கும் கேள்வியெல்லாம் சின்னக் கேள்வியாக இருக்கும், பதில்தான் பெரிதாக வேண்டியிருக்கும். பெரிய திரை முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டைரக்டர் கூக் கடல், அலை, எதிர்காலம் என்று பேசினார். பிறகு பில்நாமைப் பார்த்துத் தலையசைத்தார்.

பில்நாம் நாற்பத்திரண்டை முப்பத்துநாலாக்கினார். கோடு அழகாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. குழுவினர் தலையாட்டினார்கள்.

கோடு பாதி வழியில் சட்டென்று திரும்பி மேலே ஏறியது. திரையின் மூலையில் சிவப்பு எழுத்து வந்தது: கப்பலில் கையால் மாற்றப்பட்டது. நாற்பத்திரண்டு.

"இது யாரு?" என்றார் தாக் அம்மையார்.

யார் என்று பில்நாமுக்குத் தெரிந்துவிட்டது. பியோன். போக்ரே எத்தனை சொல்லியும் தொட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டேனென்று உட்கார்ந்திருப்பார். தண்ணீர் ஆறியதும் இடுப்புத் துண்டோடு பாய்லர் அறைக்குள் போயிருப்பார்.

"எங்க தலைமை என்ஜினியர்" என்றார் டைரக்டர் கூக், கண் இமைக்காமல். "ரொம்ப விழிப்பானவர்."

"நல்லது. மறுபடி இறக்குங்க."

பில்நாம் இறக்கினார். இந்த முறை கோடு அசையக்கூட நேரமில்லை. நாற்பத்து மூன்று. பியோன் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பில்நாம் முப்பத்துநாலு போட்டார். நாற்பத்து மூன்று. குழுவிலிருந்த இளையவர் ஒருவர் சிரித்துவிட்டார். பந்தாட்டம் பார்ப்பதுபோல எல்லோரும் முன்னால் குனிந்தார்கள்.

"இயந்திரம் ஒரு பக்கம், மனுசக் காவல் ஒரு பக்கம்" என்றார் டைரக்டர், நெற்றியைத் துடைத்தபடி. "ரெண்டும் சேர்ந்ததுதான் எங்க முறை."

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு" என்றார் தாக் அம்மையார். "இவரோட பேசலாமா?"

மறுக்க வழியில்லை. செயற்கைக்கோள் போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது. வேறெந்த நாளும் பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை கிடைக்கிற ஜேகல் சோக் அன்று முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்ஜினியர், நீங்க தண்ணீர்ச் சூட்டை ஏன் ஏத்துறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று தாக் அம்மையார் மரியாதையாகக் கேட்டார்.

ஸ்பீக்கரிலிருந்து பல மாத ஆத்திரம் மொத்தமாக வந்தது.

"யாருங்க நீங்க? நீங்களுமா? நான் எதையும் ஏத்தல! எங்கிட்டப் பொட்டியே கெடையாது! நாங்க தைவான்ல, காவ்சியுங் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டுக் கெடக்கோம். மெயின் என்ஜின் சில்லுனு கெடக்கு, நான் மேல துணி காயப்போட்டுட்டிருக்கேன். அந்தப் பில்நாம் அண்ணன் கிட்டச் சொல்லுங்க, நான் கணவாய் பிடிச்சே பல வருசமாச்சு. எனக்கு இப்ப கணவாய் ஒத்துக்கிறதே இல்ல!"

தொடர்பு அறுந்தது. பெரிய திரையில் நாற்பத்து மூன்று டிகிரியில் தண்ணீர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

தாக் அம்மையார் திரையைப் பார்த்தார். டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். தாக் அம்மையாரின் பார்வை பில்நாமிடம் வந்து நின்றது.

"அப்ப அது என்ன?"

பொய் சொல்லலாம் என்று பில்நாம் நினைத்தார். தொண்டைவரைகூட ஒன்று வந்தது. ஆனால் துணி காயப்போடும் ஜேகலின் குரல் காதில் இருந்தது.

"குளியல் கூடம்மா. யோங்டோவுல. எங்க தெருமுனை."

தாக் அம்மையார் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"இப்ப ஏத்தினது?"

"பியோன்னு ஒருத்தர். கிரேன் ஓட்டினவர்."

"போய்ப் பார்க்கலாமா?" என்றார் தாக் அம்மையார்.

இரண்டு காரில் பாலத்தைக் கடந்து போனார்கள். கோட்டும் சூட்டுமாக ஒரு கும்பல் குளியல் கூடத்துக்குள் நுழைவதைப் பார்த்ததும் போக்ரே சுகாதாரத் துறை என்று நினைத்துக் கல்லாவிலிருந்து குதித்தாள். "செருப்பு! ஷூ! எல்லாரும் ஷூவக் கழட்டுங்க!" டைரக்டர் கூக்கின் வலது காலுறையில் ஓட்டை இருந்தது.

பாய்லர் அறையில் பியோன் துண்டோடு ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பெட்டிக்குக் காவல் இருந்தார். பெண்மணி ஒருவர் உள்ளே வருவதைக் கண்டு வாளியை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டார்.

தாக் அம்மையார் அவரைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். விரலால் தடவினார். மேலே சோப்புப் பிசுக்கு. எப்போது மாட்டியது, எத்தனை தடவை நின்றது என்று கேட்டார்.

"பொட்டி ஒரு நாள்கூட நிக்கல" என்றாள் போக்ரே. "ஆளுங்கதான் படுத்துனாங்க. இந்தக் கெழம் இருக்கே, ஒருநாள் முட்டை ஓட்டை உரிச்சு அது மேல வெச்சுச்சு."

"இந்த ஈரத்துல, இந்தச் சூட்டுல, இத்தனை பேர் திருகியும் நிக்கலையா?"

"நிக்கலன்னேன்ல."

தாக் அம்மையார் நிமிர்ந்தார். "பெட்டி நல்ல பெட்டி" என்றார். "நான் பயந்தது பெட்டியப் பத்தித்தான். இப்ப அந்தப் பயம் போச்சு. மத்ததைப் பத்தித்தான் வந்திருக்கு." பிறகு டைரக்டரிடம் திரும்பி, கப்பல் எங்கே என்பதும் தண்ணீர் எப்படி என்பதும் ஒரே திரையில், ஒரே மாடியில் வரவேண்டும் என்றார். ஒவ்வொரு பெட்டியும் கப்பலில்தான் இருக்கிறது என்று ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகு மறுபடி வருவதாகவும் சொன்னார். போகும்போது போக்ரேயிடம் இரண்டு அவித்த முட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு மனிதர் பில்நாம்தான் என்று டைரக்டர் அன்றே முடிவு செய்தார். தண்டனையாகத்தான் செய்தார். ஆனால் பில்நாமுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சுழல் நாற்காலி வைத்தியர் வேலை அவருக்கு இப்போது கூச்சமாக இருந்தது. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, வந்து நிற்கிற கப்பல் ஒவ்வொன்றிலும் ஏணி இறங்கினார். பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்து, "இருக்கு" என்று போனில் சொன்னார். நான்காம் மாடி, இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தது. ஜன்னலோர மேசை அவர்களுக்கே போயிற்று.

சேயோன் 3 பூசானுக்கு வந்த அன்று ஜேகல் கப்பல் படிக்கட்டின் உச்சியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். பில்நாம் நொண்டிக்கொண்டு ஏறி முடிக்கிறவரை ஒரு கை கொடுக்கவில்லை. நேரே கீழே கூட்டிப்போய்ப் பைப்பின் முன்னால் நிறுத்தினான். இரண்டு போல்ட் ஓட்டைகள்.

"பாருங்கண்ணே. நல்லாப் பாருங்க. விரலை விட்டுப் பாருங்க."

பில்நாம் விரலை விட்டுப் பார்த்தார்.

"இருக்கா?"

"இல்லடா."

"சத்தமா."

"பொட்டி இல்ல!" என்று பில்நாம் என்ஜின் அறையில் கத்தினார். எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "கணவாயும் இல்ல. என் தப்புதான் சோக்."

ஜேகல் கொஞ்சம் இளகினான். இருவரும் சேர்ந்து புதுப் பெட்டியை மாட்டினார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். புதுப் பெட்டியைக் கம்பெனியின் கணினி ஏற்க மறுத்தது. சேயோன் 3 ஏற்கெனவே இருக்கிறது, நலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு சேயோன் 3 வர முடியாது என்றது. பழையதை நீக்க வேண்டுமானால், அந்தக் கப்பல் உடைக்கப்பட்டது என்று பதிய வேண்டுமாம். பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லிப் போக்ரேயைக் கேட்டால், "தண்ணி இப்பத்தான் ஒழுங்கா வருது, தொட்டுப் பாரு கைய வெட்டுறேன்" என்றாள். சரி, உடைத்ததாகவாவது எழுதிக்கொள்கிறோம் என்றதற்கு, "ஓடுற கடைய உடைச்சதா எழுதுவியா? வாய் விளங்குமா?" என்று கையிலிருந்த துண்டை ஓங்கினாள்.

கடைசியில் கப்பலை, இருபதாயிரம் டன் சரக்குக் கப்பலை, சேயோன் 3 இரண்டாம் எண் என்று பதிந்தார்கள்.

"ரெண்டாம் எண்ணா?" என்றான் ஜேகல். "அப்ப ஒண்ணாம் எண் யாரு? எனக்கு அதைப் பாக்கணும். இப்பவே பாக்கணும்."

வேலை உடுப்போடவே மேடேறி வந்தான். போக்ரே அவனை ஷூவைக் கழற்றவைத்து, அழுக்கு உடுப்பையும் கழற்றவைத்து, துண்டு கொடுத்து உள்ளே அனுப்பினாள். பில்நாமும் இறங்கினார். வெந்நீர்த் தொட்டியில் பியோன் இருந்தார்.

"தலைமை என்ஜினியர்னு சொல்றாங்களே, நீங்கதானா?" என்று ஜேகல் விறைப்பாகக் கேட்டான்.

"ஆமா" என்றார் பியோன், துண்டைத் தலையில் சரிசெய்தபடி. "நீ?"

ஜேகல் பதில் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். பில்நாமும் அதே கணத்தில் தலையைச் சாய்த்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கிறீச்சிடல்.

"பேரிங்" என்றான் ஜேகல்.

"பேரிங்தான்" என்றார் பில்நாம்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பாய்லர் அறையில், இடுப்பில் துண்டோடு, பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பியோன் டார்ச் அடித்து, இதைத் திருப்பு அதைத் திருப்பு என்று கிரேன் யார்டு பாஷையில் அதட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சல் கிளம்பியது. போக்ரே கதவை முட்டித் திறந்தாள்.

"தலையில சோப்போட பதினஞ்சு பொம்பளைங்க நிக்கிறாங்க! தண்ணி எங்கடா?"

"பேரிங் மாத்தணும்மா" என்றார் பில்நாம். "தூசிக்கை வரச் சொல்லுங்க. வரும்போது யார்டு குப்பையிலேர்ந்து எதையும் கொண்டுவர வேணாம்னு சொல்லுங்க."

ஜேகல் ஸ்பானருக்காகக் கையை நீட்டினான். பில்நாம் கொடுத்தார்.